கந்தல் சட்டை

முனியம்மாள் லிடியாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. சந்தையில் பூசணிக்காய்க்கு விலை பேச வந்தவளைப் போல வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வாரம் தாண்டுமாண்ணா?"

கேட்டது லிடியாவிடம் அல்ல, அவளுடைய மாமனார் துரைக்கண்ணுவிடம். அவர் தறியை நிறுத்திவிட்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"தாண்டாது. நான் கேட்டது கொண்டாந்தியா?"

முனியம்மாள் தெருவுக்கே பால் ஊற்றுகிறவள். வீடு நிறைய மாடு, வீடு நிறையப் பிள்ளைகள். கடைசிப் பையனுடைய கிழிந்த சட்டையை மடியிலிருந்து எடுத்து நீட்டினாள். துரைக்கண்ணு அதைப் பொன்னாடை மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஒரு மாதமாக இதே கூத்துதான். மனிதர் வீடு வீடாகப் போய்க் கந்தல் கேட்டு வாங்கிவந்து, பிறக்கப்போகிற பேரப்பிள்ளைக்குச் சட்டை தைக்கிறார். அவர் நெய்கிற ஆரணிப் பட்டு யார் யார் கல்யாணத்துக்கோ போகிறது. சொந்தப் பேரப்பிள்ளைக்கு மட்டும் ஊரார் வீட்டுக் கந்தல்! லிடியா ஆசையாக வாங்கிவந்த புது ஜப்லாக்களை, "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்று பரண்மேல் போட்டுவிட்டார்.

ஒருநாள் அவர் இல்லாத நேரத்தில் ஒரு சட்டையை எடுத்துப் பார்த்தாள். தைத்திருந்தது பட்டு நூலில். உள்ளே ஒரு முடிச்சுகூட உறுத்தாதபடி தையலையெல்லாம் வெளிப்பக்கம் திருப்பியிருந்தார். கந்தலுக்கு இவ்வளவு பக்குவமா என்று அவளுக்குப் புரியவில்லை.

புரியாத வீட்டில் பயம்தான் துணை. முதல் இரண்டு குழந்தைகளும் பேர் வைப்பதற்குள் போய்விட்டன. 'சர்ச்சுப் பொண்ணு வந்த ராசி' என்று தெரு பேசியது. வேறு சாதி, வேறு மதம் என்று தேசூரில் அவளுடைய அம்மா வீட்டுக் கதவு கல்யாணத்தன்றே சாத்தியாயிற்று. ஓடிப்போக நினைத்தாலும் போக்கிடம் இல்லை.

இப்போது முனியம்மாளுக்கு டீ எடுத்துக்கொண்டு வந்தவள் கதவருகே நின்றுவிட்டாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் வாசல்லயே உங்கிட்ட குடுத்துடறேன். வாங்கிகினு ஜல்தியா நடந்துடு. திரும்பிப் பாக்காத."

"பெத்தவ சும்மா வுடுவாளாண்ணா?"

"அவளுக்கு இப்ப தெரிய வேணாம், ஒத்துக்க மாட்டா. ஆனா அவ புள்ளயா இருந்தா இதுவும் தங்காது, முனிமா."

லிடியாவின் கையில் டம்ளர் சாய்ந்து டீ காலில் கொட்டியது. சுட்டதுகூடத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் கணவன் அருள்மணியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பா நம்ம புள்ளய யாருக்கோ குடுக்கப் போறாரு. உங்களுக்குத் தெரியுமா?"

அவன் கை மூக்குக்குப் போனது. வலது மூக்கில் பொட்டளவு ஒரு பழைய துளை, தூர்ந்துபோன தழும்பு. 'ஆம்பளைக்கு எதுக்கு மூக்குத்தி?' என்று காதலித்த காலத்தில் எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறாள். சிரித்து மழுப்புவானே தவிர, ஒருநாளும் பதில் சொன்னதில்லை. இப்போது சிரிக்கவும் இல்லை.

"அப்பா எது செஞ்சாலும் நல்லதுக்குத்தான். நீ கண்டுக்காத."

அப்படியானால் இவனும் கூட்டு. லிடியா அதற்குமேல் ஜெபம் மட்டும் செய்துகொண்டிருந்தாள்.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தவரை அதை யார் கையிலும் தராமல் மார்போடு அணைத்தே வைத்திருந்தாள். கண் அசந்தால்கூடத் திடுக்கிட்டு எழுந்து தொட்டுப் பார்த்தாள்.

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றபோது முனியம்மாள் தயாராக நின்றிருந்தாள். படியில் ஒரு முறம், அது நிறையத் தவிடு. பால்காரியின் மாட்டுக்கு வாங்கி வைத்ததாக இருக்கும் என்று லிடியா நினைத்தாள்.

துரைக்கண்ணு கை நீட்டினார். "குடும்மா, சட்டை மாத்திடறேன்."

"வேணாம் மாமா!"

அவள் சுதாரிப்பதற்குள் அருள்மணியே குழந்தையை வாங்கி அப்பாவிடம் கொடுத்துவிட்டான். துரைக்கண்ணு கந்தல் சட்டையைப் போட்டுவிட்டு, குழந்தையின் நெற்றியில் ஒருமுறை முத்தமிட்டு, முனியம்மாளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். திரும்பியே பார்க்கவில்லை.

"எம்புள்ள! யாராவது புடிங்க, எம்புள்ளய எடுத்துகினு போறா!"

எட்டிப் பார்த்த அக்கம்பக்கத்தார் ஒருவரும் அசையவில்லை. ஓடப்போனவளை அருள்மணி கட்டிப்பிடித்துக்கொண்டான். தெருமுனை திரும்பி முனியம்மாள் மறைந்துவிட்டாள். லிடியா வாசலிலேயே மடிந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீங்கல்லாம் மனுஷங்களா? நான் எத்தினி புள்ளய மாமா தூக்கிக் குடுக்கறது?"

துரைக்கண்ணுவின் கண் கலங்கியது.

"உனக்கு ரெண்டு போச்சு. இவனுக்கு முன்னால எனக்கு மூணு போச்சும்மா."

அப்போது தெருமுனையிலிருந்து, காலையில் பால் விற்கிற அதே ராகத்தில், முனியம்மாளின் குரல் வீட்டைப் பார்த்து வந்தது.

"புள்ள வாங்கலியோ... புள்ள!"

துரைக்கண்ணு முறத்தை எடுத்து மருமகளின் கையில் வைத்தார். மகனின் மூக்குத் தழும்பைத் தொட்டுக் காட்டினார்.

"எழுந்திரும்மா, இவனயும் ஒரு மொறம் தவுட்டுக்குத்தான் வாங்கினோம்."