கறண்ட் குடிக்காத மோட்டர்

கிணற்றடியில் புது மோட்டரின் சுவிச்சைப் போட்டுவிட்டுக் கோபிசங்கர் உடுப்புத் தோய்க்கிற கல்லின் மேல் ஏறினான்.

மதிலுக்கு அந்தப் பக்கம், கவிழ்த்து வைத்த வாளியின் மேல் நிவேதனா ஏற்கெனவே ஏறி நின்றாள்.

பழைய மோட்டரைவிட இதில் சத்தம் குறைவு. ஆனாலும் காதலிக்கப் போதுமான சத்தம் இருந்தது.

போனில் கதைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: நிவேதனாவின் போன் லண்டனில் இருக்கிற அண்ணன் வாங்கிக் கொடுத்தது. அதற்கு வருவதெல்லாம் தனக்கும் தெரிகிற மாதிரிச் செய்துதான் கொடுத்திருந்தான். பாசம்.

ஆகவே மோட்டர்.

பின்னேரம் மோட்டர் போடுகிற பொறுப்பைக் கோபிசங்கர் தானாகவே கேட்டு எடுத்திருந்தான். தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிந்தாலும் கதை முடிந்த பிறகுதான் நிற்பாட்டுவான். கம்பஸில் கடைசி வருடம் படிக்கிற பிள்ளைக்கு வீட்டில் எவ்வளவு அக்கறை என்று தாய் கேதீஸ்வரி சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள்.

தகப்பன் மார்க்கண்டருக்கு வேறு கவலை. கறண்ட் பில்.

பில்லைக் குறைப்பதற்காக அவர் வீட்டையே மாற்றிக்கொண்டு வந்தார். முதலில் பல்புகள். பிறகு மின்விசிறிகள். கம்பி சிவக்கிற பழைய மின்னடுப்பு போய், குசினிக்கு இண்டக்சன் அடுப்பு வந்தது. உறுமிக்கொண்டிருந்த பிறிஜ் போய், உயிர் இருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டிய பிறிஜ் வந்தது. வீடு ஆஸ்பத்திரி மாதிரி அமைதியானது.

பில் அசையவில்லை.

மார்க்கண்டர் மீட்டரைச் சந்தேகித்தார். மீட்டர் பார்க்க வருகிறவரைச் சந்தேகித்தார். மகனைச் சந்தேகிக்கவில்லை, அவன்தானே பொறுப்பான பிள்ளை. கடைசியாக மோட்டரைச் சந்தேகித்தார். இன்று காலை கோபிசங்கர் திருநெல்வேலிக் கம்பஸுக்குப் போன பிறகு, ஆளைக் கூப்பிட்டு அதையும் மாற்றிவிட்டார்.

இன்றைக்குப் பார்த்து அதைச் செய்திருக்கத் தேவையில்லை.

நிவேதனாவின் தகப்பன் நமசிவாயத்தார், டென்மார்க் மாப்பிள்ளையின் சாதகக் குறிப்புப் பொருந்திவிட்டது, ஓமோ இல்லையோ என்று நாளைக்குள் சொல்லு என்று மகளிடம் கேட்டிருந்தார். இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் தோய்க்கிற கல்லின் மேல் நின்றது. ஆனால் ஒரு வருடமாக அது அவளிடம் எதையும் தெளிவாகக் கேட்டதில்லை.

டென்மார்க் விஷயம் தெரிந்ததால் இன்றைக்குக் கேட்டது.

நிவேதனா காதில் கையை வைத்து, கேக்கேல்லை என்றாள். அவன் இன்னும் கத்திக் கேட்டான். கேக்கேல்லை என்றாள். முதல் தரமே அவளுக்குக் கேட்டிருக்கலாம் என்பது வேறு விஷயம்.

கோபிசங்கர் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தான்.

"என்னைக் கட்ட உனக்கு விருப்பமோ இல்லையோ, இப்பவே சொல்லு நிவே."

'என்னைக் கட்ட' என்பது மட்டும்தான் மோட்டரோடு போனது.

தாங்கி நிரம்பினால் தானாக நிற்கிற சுவிச் ஒன்றையும் புது மோட்டருக்குப் பூட்டியிருந்தார்கள். மார்க்கண்டர் ஆசைக்கு மத்தியானமே ஒருதரம் ஓட்டிப் பார்த்ததில் தாங்கி முக்கால்வாசி நிறைந்திருந்தது. இரண்டும் கோபிசங்கருக்குத் தெரியாது.

மிச்சம் எல்லாம், மோட்டரை வெல்லப் பழகிய குரலில், கொக்குவில் ஊர் முழுக்கப் போனது.

ஒழுங்கையில் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். ரயில் பாதை பக்கத்தில்தான். ஒரு ரயில் வந்திருக்கலாம். வரவில்லை. குசினிக்குள் கேதீஸ்வரி அகப்பையை மெல்லக் கீழே வைத்தது கிணற்றடிவரை கேட்டது.

மார்க்கண்டர் பின்கதவால் வந்தார். கல்லைப் பார்த்தார். கல்லின் மேல் நின்ற மகனைப் பார்த்தார். மதிலுக்கு மேலே தெரிந்த பாதி முகத்தைப் பார்த்தார்.

"அப்ப உதுதான் பில் குறையாமல் நிண்டது," என்றார்.

கோபம் என்று சொல்ல முடியாது. கனகாலமாகப் பிடிபடாத வருத்தத்தைக் கண்டுபிடித்த டொக்டரின் முகம்.

கோபிசங்கர் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மதிலுக்கு மேலே தெரிந்த பாதி முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

நிவேதனா வாயைத் திறந்தாள். மார்க்கண்டரைக் கண்டாள். ஒழுங்கைப் பக்கம் சைக்கிள்காரரைக் கண்டாள். வாயை மூடினாள். இத்தனை பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க எந்தப் பிள்ளைதான் பதில் சொல்லும்?

அவள் வாளியிலிருந்து ஒரு காலை இறக்கினாள். மற்றக் காலும் இறங்கினால் உள்ளே போய்விடுவாள். உள்ளே போனால் நாளைக்கு டென்மார்க். கோபிசங்கருக்கு அது நன்றாக விளங்கியது.

அந்த நேரம் அவளுடைய வீட்டு மோட்டர் இரையத் தொடங்கியது.

அது ஒருவரும் மாற்றாத பழைய மோட்டர். உரலில் கல் இடிக்கிற மாதிரிச் சத்தம். சைக்கிள்காரர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஏமாற்றத்தோடு மிதித்துக்கொண்டு போனார்.

நிவேதனா ஒருதரம் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். இறக்கிய காலை மறுபடியும் வாளியில் வைத்தாள். கோபிசங்கரிடம் ஏதோ சொன்னாள்.

மார்க்கண்டர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மகன் கல்லிலிருந்து வழுக்கி விழுந்ததை வைத்து அவரால் ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

அந்த வீட்டுத் தாங்கி ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்திருக்க வேண்டும். மோட்டர் போட்டவுடனேயே மேலிருந்து தண்ணீர் வழிந்து ஊற்றியது. கறண்ட் வீணாகுது, நிற்பாட்டுங்கோ என்று மார்க்கண்டர் மதிலைப் பார்த்துக் கத்தினார்.

ஒருவரும் நிற்பாட்டவில்லை.

அந்த மோட்டரின் சுவிச் வீட்டுக்குள், நமசிவாயத்தாரின் கட்டில் தலைமாட்டில் இருக்கிறது. அந்த நேரம் அவரைத் தவிர வீட்டுக்குள் வேறு ஆள் இல்லை.