நன்றி சொல்லும் வண்டி

தேர்தலுக்கு மறுநாள் தூறலில், நன்றி சொல்லும் வண்டி எங்கள் கடைத்தெருவுக்குள் ஊர்ந்து வருகிறது. தைவானின் இந்தக் கரையில் தோற்றவர்களும் வாசல் வாசலாக வந்து குனிந்தாக வேண்டும். மேலே நிற்பவள் ஸு-யுன். மாவட்டத் தலைவர் பதவிக்கு நின்ற கணவன் பிரச்சாரத்துக்கு நடுவிலேயே மாரடைப்பில் போய்விட, அவனிடத்தில் நின்று தோற்றவள். அவன் பிரச்சாரத்தில் தோளில் போட்டிருந்த அதே வேட்பாளர் பட்டை அவளுடைய மழைக்கோட்டில் ஈரமாக ஒட்டிக் கிடக்கிறது. ஓட்டுநர் ஆ-டெக் பழைய பிரச்சாரப் பதிவைத் தவறுதலாக அழுத்திவிடுகிறான். ஒலிபெருக்கி கரகரத்து, செத்தவனின் குரல் தெருவில் இறங்குகிறது. "என்னக்கா, சாப்பிட்டாச்சா?" சிப்பி ஆம்லெட் போடும் பாவ்-சூ, "ஆச்சுப்பா" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டுக் கரண்டியோடு உறைந்து நிற்கிறாள். கல்லில் முட்டை கருகுகிறது. ஆ-டெக்கின் கை விசைக்குப் போகிறது. "விடுப்பா," என்கிறாள் ஸு-யுன். "அவரும்தான தோத்திருக்காரு. அவரும் வரட்டும்." குரல் ஒவ்வொரு வாசலிலும் அதையே கேட்கிறது, அவள் ஒவ்வொரு வாசலுக்கும் குனிகிறாள். தெருக்கோடியில் பூட்டிக் கிடக்கும் அவர்கள் வீட்டின் முன்னாலும் அதே கேள்வி. கையிலிருக்கும் மைக்கை அவள் அணைக்கவில்லை. "இன்னும் இல்லங்க" என்று அவள் சொல்வது தெரு முழுக்கக் கேட்கிறது.