தோட்டத்துக்கு ஒரு தலைவர்

வாசலில் மணி அடித்ததுமே கல்யாணராமன் மின்விசிறியை நிறுத்தினார். "கங்கா, நான் இல்லேன்னு சொல்லிடு" என்று மனைவியிடம் கெஞ்சிவிட்டு, அறைக் கதவை ஓசைப்படாமல் சாத்தினார். ஜன்னலில் தலை தெரியாதபடி சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்தார்.

கங்கா வாசல் கதவைத் திறந்தாள். "வாங்கோ சேவியர். உள்ளேதான் இருக்கார், கூட்டிண்டு போங்கோ."

ஆட்டோ ஓட்டுகிற சேவியர் மண்வெட்டியோடு நின்றிருந்தார். "சாரே, பயறுல புழு விழுந்திருக்கு. நீங்க வந்து பாத்தாத்தான் சரியாவும்."

கல்யாணராமனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. எர்ணாகுளத்து இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஐம்பத்திரண்டு வயதிலேயே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தது இதற்குத்தானா?

ஓய்வு பெற்றுச் சில வாரங்கள் நிம்மதியாகப் போயின. பிறகுதான் மட்டாஞ்சேரியில் அவர் தெருக்கோடியில், பழைய சுக்குக் கிடங்குக்குப் பின்னால் கிடந்த காலி மனையில், தெருக்காரர்கள் சேர்ந்து காய்கறித் தோட்டம் போட்டார்கள். அவரைத் தலைவராக்கினார்கள். அன்றிலிருந்து காலையில் ஒருவர், மத்தியானம் ஒருவர் என்று மணி அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். முடியாது என்று யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாதவர் அவர்.

அவருக்கோ தலைக்கு மேல் வேறு வேலை. ஓய்வு பெற்றதுமே சென்னைப் பதிப்பாளர் ஒருவர் மலையாள நாவலொன்றைத் தமிழில் மொழிபெயர்க்கக் கொடுத்திருந்தார். காலமெல்லாம் அடுத்தவர் பாலிசியில் கையெழுத்துப் போட்டவரின் பெயர், முதல் தடவையாக ஒரு புத்தகத்தில் வரப்போகிறது. அச்சானதும் கங்காவின் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதற்காக, மொழிபெயர்ப்பைப் பற்றி அவளிடம்கூடச் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவார். கதையில் யாராவது செத்துப்போனால் தானும் சேர்ந்து விசும்புவார்.

நேற்றுப் பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள மீதி வரலேன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன் சார்."

வேறு வழியில்லாமல் சேவியருக்குப் பின்னால் நடந்தார்.

தோட்டத்தில் டீக்கடைத் தங்கதுரை பந்தல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தன் கடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இட்லிமாவு விற்கும் மாயம்மாள் ஒரு கையில் தண்ணீர்க் குழாயோடு கொட்டாவி விட்டாள். அவளுடைய இன்னொரு கையிலிருந்த பையில் பஜாரில் வாங்கிய வெண்டைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது.

"சார், வெண்டைக்குத் தண்ணி விடலாமா?"

"மழை பெஞ்சு தேங்கி நிக்கறதே மாயம்மா!"

"அதான், உங்களைக் கேட்டுக்கிட்டுச் செய்யலாம்னு."

பயறுக் கொடியில் இருந்தது ஒரே ஒரு புழு. அதை எடுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பதிப்பாளர்தான். எடுக்கப் போனவரின் கையைச் சேவியர் பிடித்துக்கொண்டார். "சாரே, நாளைக்குக் காலையிலயே உரம் வைக்கணும். நானே வந்து கூப்பிடறேன்."

போன் அடித்து ஓய்ந்தது.

"வராதீங்கோ!"

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. "யாரும் வராதீங்கோ. ஆபீஸ்லேருந்து தப்பிச்சு வந்து இங்கே மாட்டிண்டுட்டேன். எனக்கு மூச்சு முட்டறது. நீங்க எல்லாரும் ஆசை ஆசையாப் பண்றேள், எனக்குத் தெரியும். ஆனா என்னால முடியலை. மன்னிச்சு என்னை விட்டுடுங்கோ."

கைகூப்பி நின்றார். மூன்று பேரின் முகமும் வாடிப்போவதைப் பார்க்கத் தைரியமில்லாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

மாயம்மாள் குழாயை மூடினாள். "நெசமாவா சார்? நாளையிலேருந்து நாங்க வர வேண்டாமா?"

தங்கதுரை கயிற்றைக் கீழே போட்டார். "கடையில பாலை அடுப்புல வச்சுட்டு வந்தேன் சார்!" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

கல்யாணராமனுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒருத்தருக்கும் பிடிக்கலேன்னா, இத்தனை நாள் எதுக்கு வந்தேள்?"

சேவியர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கதவைச் சாத்திக்கிட்டு அழறாரு, சாரைத் தனியா விட்டுடாதீங்கன்னு, கங்கா சேச்சி எங்க வீட்டுக்கெல்லாம் வந்து அழுதாங்க சாரே."