இன்னொரு தபா சொல்லு சார்

தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு. மீன் விற்கும் அங்காளம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கஞ்சி போட்ட சேலையில் ரத்தினபாய் டீச்சர், கைப்பையை அணைத்தபடி அவளுக்குப் பின்னால் நின்றார்.

“இருதய ஆபரேஷன். கையில காசு இல்ல. யாரு சார் கட்டுவாங்க?” என்றாள் அங்காளம்மா.

“அரசாங்கம் கட்டும்மா. ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ் ரெண்டும் கொடுங்க, போதும்” என்றார் ஊழியர் மதியழகன்.

“ஓசில வாங்கிக்கினா அசிங்கம் இல்லியா?”

மதியழகனுக்கு விளக்கம் சொல்வதென்றால் தனி உற்சாகம்.

“இதுல ஏதும்மா ஓசி? நீங்க வாங்குற சோப்பு, செருப்பு எல்லாத்துலயும் வரி இருக்கு. இத்தனை வருஷமா நீங்களும் கட்டியிருக்கீங்க. அந்தப் பணம்தான் இப்ப ஆபரேஷனுக்கு வருது.”

“இன்னொரு தபா சொல்லு சார். சத்தமா.”

அவர் பொறுமையாக மறுபடியும் சொன்னார். பிறகு டீச்சரை நிமிர்ந்து பார்த்து, “நீங்க துணைக்கு வந்தது நல்லதாப் போச்சு மேடம். இவங்க ரொம்பத் தயங்குறாங்க” என்றார்.

டீச்சர் தலைகுனிந்தார்.

“துணைக்கு வந்தது நானு சார்.” அங்காளம்மா எழுந்து நாற்காலியை டீச்சர் பக்கம் நகர்த்தினாள். “சின்ன இஸ்கூல்ல வேலை. சம்பளம் கம்மி, ரோசம் ஜாஸ்தி. நான் சொன்னா கேக்கல. இப்ப கேட்டுக்கினியா டீச்சர்? உன் சோப்புக் காசுதானாம். குந்து. பையைத் தொற.”

டீச்சர் உட்கார்ந்து கைப்பையைத் திறந்தார். வருமானச் சான்றிதழ் நாலாக மடிந்து உள்ளே இருந்தது. அதை வாங்கிய தேதி, போன மாதத்துத் தேதி.