கறுப்புக் கட்டத்துக்குள் ஒன்பது பேர்

"அப்பா, ஷூவுக்கு லேஸ் வாங்கி அனுப்புங்க. கறுப்புதான் வேணும், பட்டமளிப்புக்குப் போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான் மகன். ஒரு வாரம் கழித்து அவர் லேஸ் வாங்கி, உறையில் போட்டு, முகவரி எழுதிக்கொண்டிருந்தபோது இறையியல் கல்லூரி விடுதியிலிருந்து வேறொரு போன் வந்தது. மூன்று நாள் காய்ச்சலாம். வீட்டுக்குச் சொல்ல நாலாம் நாள்தான் அவர்களுக்கு நேரம் கிடைத்ததாம், எல்லாம் முடிந்த பிறகு.

இரண்டு மாதம் கழித்து, அதே பட்டமளிப்பு விழாவில் அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகனை நினைவுகூரப் போகிறோம் என்று கூப்பிட்டிருந்தார்கள். நினைவுகூரல் ஒரு நிமிடம் நடந்தது. கல்லூரி முதல்வரின் உரை முக்கால் மணி நேரம் நடந்தது.

"பத்து வருஷமா நம்ம கல்லூரியில நூத்துக்கு நூறு பேரு படிப்பை முடிச்சிருக்காங்க. பாதியில விட்டுட்டுப் போனவன்னு ஒருத்தனைக் காட்டுங்க பாப்போம்" என்றார் முதல்வர். கூட்டம் கைதட்டியது. தட்டி முடியும்வரை கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொல்வதுபோல் நின்றார். ஒரு கண் முழுதாக மூடவில்லை.

விழா முடிந்ததும் முதல்வர் மேடையிலிருந்து இறங்கி வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"ஐயா, தம்பியை நெனச்சு நீங்க கலங்கவே கூடாது. தம்பியால எங்க சதவீதத்துக்கு எந்தக் குறையும் வரல."

"புரியலீங்களே."

"இறந்தவங்களை மொத்தத்துல சேக்க வேண்டாம்னு அங்கீகாரக் குழு விதியிலயே இருக்கு. பாதியில ஓடிப்போனாத்தான் எங்களுக்குத் தலைவலி. தம்பி தங்கம்."

செத்தும் தொந்தரவு கொடுக்காத பிள்ளை என்று நற்சான்றிதழ். அவர் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். முப்பது வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். எழுத்தைத் திருத்தலாம், எழுதின ஆளைத் திருத்த முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து விழா மலரைப் புரட்டினார். முப்பத்தாறு பக்கத்தில் முதல்வரின் படம் பதினொன்று. கடைசிப் பக்கத்தில் கறுப்புக் கட்டம் கட்டி, 'கர்த்தருக்குள் நித்திரையடைந்த நம் மாணவர்கள்' என்று ஒன்பது பெயர்கள். ஒன்பதாவது அவர் மகன்.

புதிதாக எழுதக்கூட உடம்பு வணங்காமல், அங்கீகாரக் குழுவுக்கு அனுப்பிய அறிக்கையிலிருந்து பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள். வரிசை எண், பெயர், சேர்ந்த வருடம், தகப்பன் தொழில், முகவரி எல்லாம் இருந்தன. இறந்த தேதி மட்டும் ஒருவருக்கும் இல்லை. பிள்ளை செத்த நாளைக்கூடக் குறித்துவைக்காத ஆபீஸ் ஒரு ஆபீஸா என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

பட்டியலை வாய்விட்டுப் படித்தார். இரண்டு மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனைவி எழுந்து உட்கார்ந்தாள்.

"நமக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனச்சேன். ஒம்பது பேரா?"

"ஆமா. மூணாவது பையன் வீடு பக்கத்துலதான் இருக்கு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால."

"அந்தப் பையனோட அம்மாவைப் போய்ப் பாருங்க. எப்படிச் சோறு எறங்குச்சு, எப்படித் தூங்குனாங்கன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க. அவங்க சொல்றபடி நானும் செய்யுறேன்."

மறுநாள் காலை மலரைச் சுருட்டிக்கொண்டு போனார். தகப்பன் தொழில் தச்சு வேலை என்று போட்டிருந்தது. அந்த முகவரியில் தச்சுப் பட்டறைதான் இருந்தது. அதையாவது ஒழுங்காக எழுதினார்களே என்று நினைத்தார். உள்ளே ஓர் இளைஞன் பலகையில் இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்தான். இறந்தவனின் தம்பியாக இருக்கும்.

"அம்மா இருக்காங்களா தம்பி?"

"கடைக்குப் போயிருக்கு. என்ன செய்யணும் சார், கட்டிலா மேசையா?"

"ஒண்ணும் செய்யவேண்டாம்பா. அம்மாகிட்ட ஒரே ஒரு விஷயம் கேக்கணும்."

இளைஞனிடம் சாவைப் பற்றிப் பேச நா எழவில்லை. மலரை விரித்து மூன்றாவது பெயரைக் காட்டினார். அவன் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். தலைப்பைப் படித்தான், பெயரைப் படித்தான், மறுபடியும் தலைப்பைப் படித்தான்.

"இது நான்தான் சார். ரெண்டாம் வருஷமே விட்டுட்டு வந்துட்டேன்."

அவர் பக்கத்தில் கிடந்த மரத்துண்டில் உட்கார்ந்தார். அவன் மரத்தூள் ஒட்டிய விரலால் பட்டியலில் மேலிருந்து கீழே போனான்.

"இவன் லாரி ஓட்டுறான். இவனுக்குப் போன மாசந்தான் ரெண்டாவது கொழந்தை பொறந்துச்சு. இவன் நேத்துகூட எனக்குப் போன் பண்ணான். அடப்பாவிகளா, விட்டுட்டு வந்தவங்க அத்தனை பேரையும் கொன்னுபோட்டிருக்கானுங்க."

"எல்லாரையும் தெரியுமா தம்பி?"

"தெரியாம என்ன சார். விட்டு வந்தவங்களுக்குன்னு வாட்ஸப் குரூப்பே வெச்சிருக்கோம்."

வீட்டில் ஒருத்தி ஒரு தாயின் பதிலுக்காக உட்கார்ந்திருந்தாள். அந்தப் பதிலைச் சொல்ல இங்கே பிள்ளையை இழந்த தாய் யாரும் இல்லை.

அவன் விரல் ஒன்பதாவது பெயரில் நின்றது.

"இவன் ஒருத்தனைத்தான் தெரியல. புதுசா விட்டுட்டு வந்தவனா இருப்பான். எங்க இருக்கான்னு விசாரிச்சு இவனையும் குரூப்புல சேத்துடறேன், சார்."

அவர் மலரை வாங்கி மடித்துக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி. அது ஒண்ணை மட்டும் சரியாத்தான் போட்டிருக்காங்க."