பேர எடுத்துடுங்க

“தாமரை பேர எடுத்துடுங்க, டீச்சர். இனிமே அவளுக்கு இங்கிலீஷ் வேணாம்.”

ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வகுப்பு வாசலில் நின்றார் யுகேந்திரன். மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுபவர். உள்ளே அவருடைய மகள் மற்ற பிள்ளைகளோடு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஜெயமாலா டீச்சருக்குச் சுருக்கென்றது. கிள்ளானில் ஒரு துணிக்கடை மாடியில், ஆங்கிலத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமைதோறும் அவர் நடத்தும் இலவச வகுப்பு அது. கெஞ்சிக் கூத்தாடித்தான் பல பெற்றோரைப் பிள்ளைகளை அனுப்ப வைத்திருந்தார்.

தாமரை வந்து சேர்ந்த புதிதில் எல்லாவற்றையும் மலாய் போலவே எழுத்துக்கூட்டி வாசிப்பாள்; மலாயில் ‘c’ எழுத்துக்கு ‘ச’ ஒலி. ‘கம்’ என்பது ‘சோமே’ ஆகிவிடும், ‘கேக்’ என்பது ‘சாக்கே’. இடையிடையே வராமலும் இருந்துவிடுவாள். வந்தால் மட்டும் விட்டதையும் சேர்த்துப் படித்துவிடுவாள்.

போன வாரம் யார் உதவியும் இல்லாமல் தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். ‘எனக்குக் களைப்பாக இருக்கிறது. ஆனாலும் இந்த வகுப்பு பிடிக்கும்’ என்று. பிழையே இல்லை. டீச்சர் அதைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்.

“நல்லா வந்துகிட்டு இருக்கிற நேரத்துல நிறுத்தச் சொல்றீங்களே” என்றார் டீச்சர்.

“தெரியும் டீச்சர். வர்ற வழியில கடை போர்டெல்லாம் படிச்சுக்கிட்டே வர்றா. நாங்க இங்கிலீஷ்ல பேசினாகூட இப்ப புரிஞ்சுக்கிறா.”

“அப்புறம் என்ன? பொம்பளப் பிள்ளைக்கு இது போதும்னு நினைக்கிறீங்களா?”

“அப்படி இல்ல லா, டீச்சர்.”

“கூட்டிட்டு வர ஆள் இல்லன்னா சொல்லுங்க. நானே கார்ல ஏத்திக்கிறேன். இல்ல, வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுக்கிறேன்.”

“வேணாம் டீச்சர்.”

“உங்க வைஃப்கிட்ட நான் பேசுறேன்.”

“அவதான் சொல்லி அனுப்பினா.”

டீச்சர் குரல் உயர்ந்தது. “அடுத்த வருஷம் அஞ்சாம் ஆண்டு. பாடம் கஷ்டமா இருக்கும். இப்ப விட்டுட்டா பிள்ளை அப்ப முழிக்கும். அதையாவது யோசிச்சீங்களா?”

அடுத்த வருஷம் என்றதும் யுகேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குள் தாமரை பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். “டீச்சர், அடுத்த வாரம் அந்த யானைக் கதைய நானே வாசிக்கட்டுமா? யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது.”

டீச்சர் யுகேந்திரனைப் பார்த்தார். அவர் மகளின் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டார்.

“நீ கீழ போயி மோட்டார்கிட்ட நில்லுமா. அப்பா வந்துடுறேன். மெதுவா இறங்கு.”

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினாள் தாமரை. அவள் தலை மறைந்ததும் டீச்சர் யுகேந்திரன் பக்கம் திரும்பினார்.

“உங்களால அந்தப் பிள்ளைகிட்ட சொல்ல முடியல, பார்த்தீங்களா? படிக்கிற பிள்ளைய எந்தத் தகப்பனாவது தடுப்பானா? எனக்கு ஒரே ஒரு காரணம் சொல்லுங்க. நானே பேர எடுத்துடுறேன்.”

யுகேந்திரன் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். மகள் கீழே போய்விட்டாள் என்று தெரிந்த பிறகுதான் வாய் திறந்தார்.

“அவ இன்னும் எவ்வளவு நாளைக்கு இருப்பான்னு, டாக்டருங்க அவ எதிர்லயே இங்கிலீஷ்லதான் பேசுறாங்க, டீச்சர்.”