ஒப்பிட ஒரு தலை

“செத்தப்புறம் எடுத்துக்கோம்மா. இப்பவே எடுத்துட்டா இவ யாரைத் திட்டுவா?” என்று மனைவியைக் காட்டிச் சிரித்தார் ராஜாங்கம்.

இறந்த பிறகு உங்கள் மூளையை ஆராய்ச்சிக்குத் தருவீர்களா என்று எப்படிக் கேட்பது? அவர் ஊரான வல்லம் வரும்வரை பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தாள் மெஹ்ரீன். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

அவளுக்குக் கண் கலங்கியது. சிறுவயதில் அவள் கொண்டாடிய ‘பாறை’ ராஜாங்கம் அல்லவா!

சிறுமியாக இருந்தபோது, ராஜகிரிக் கோட்டை மலையின் அடிவாரத்தில் கபடி நடந்தால் அத்தாவின் தோளில் ஏறிப் பார்ப்பாள். பாடி வருகிறவனின் கால்களை நோக்கித் தலை குனிந்து பாய்வார் ராஜாங்கம். முழங்கால்கள் அவர் மண்டையில் மோதும். பிடி மட்டும் விடாது. எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து இதே சிரிப்பைச் சிரிப்பார்.

அவர் தோற்று அவள் பார்த்தது ஒரே ஒரு முறை. இறுதி ஆட்டம். அன்று வீடு வரை அழுதுகொண்டே போனாள்.

அடிமேல் அடி வாங்கிய மூளை பல ஆண்டுகள் கழித்து மெல்லச் சிதைகிறது. இறந்த பிறகு திறந்து பார்த்தால்தான் அது உறுதியாகும். அதுவரை கேள்விகள்தான்.

குடை, ரயில், மாங்காய், கதவு, விளக்கு என்று ஐந்து சொற்களைச் சொல்லி, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். சற்று நேரம் வேறு பேசிவிட்டுத் திரும்பக் கேட்டாள்.

“மாங்காய்” என்றார் ராஜாங்கம். பிறகு முற்றத்தில் காயும் வேர்க்கடலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து அவர் மனைவி மீனம்பாள். ஏறக்குறைய அதே வயது, அதே சோறு, அதே தண்ணீர். கபடி மட்டும் ஆடாதவர். அடிபடாத ஒரு தலையோடு ஒப்பிட்டால்தான் அடிபட்ட தலையைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும்.

“ஆடுகளத்தையே மிதிக்காதவ. இவளுக்கு இன்னாத்துக்கும்மா டெஸ்டு?” ராஜாங்கம் கேலி செய்தார்.

மீனம்பாள் கடலை உடைத்தபடியே சொன்னார். “குடை... மாங்காய்...”

அதற்கு மேல் வரவில்லை. பதற்றமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் மெஹ்ரீன்.

“தலையில எப்பவாச்சும் அடிபட்டிருக்காம்மா?”

எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். கடலை உடைத்த கை நின்றது.

ராஜாங்கம் எழுந்தார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் வாசலில் போய் நின்றார். அவர் முதுகைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில் பேசினார் மீனம்பாள்.

“ஒப்பிட்டுப் பாக்க என்னை வச்சிக்காத பாப்பா. உன் ஆராய்ச்சி தப்பாயிடும்.”

மெஹ்ரீனுக்குப் புரியவில்லை.

மீனம்பாள் காதுக்கு மேலே முடியை விலக்கிக் காட்டினார். பழைய தழும்பு. அதன் அருகில் இன்னொன்று.

“என்னையும் அவரு பக்கமே சேத்துக்கோ. செத்தப்புறம் என்னுதையும் எடுத்துப் பாரு. நாலு பேருக்கு ஆவட்டும்.”

அந்தக் குரலில் அழுகை இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. தன் தலையைத் தர வந்த இரண்டாவது ஆள், அவ்வளவுதான்.

கணவருக்குக் கொடுக்க ஒரு கைப்பிடி கடலையை அள்ளிக்கொண்டு எழுந்தார். பிறகு, விட்டுப்போன எதையோ சேர்ப்பதுபோலச் சொன்னார்.

“ஜெயிச்சுட்டு வந்தா ஒண்ணும் இல்ல பாப்பா. தோத்துட்டு வந்தாதான்.”



அந்த இறுதி ஆட்டம் முடிந்து திரும்பும் வழியெல்லாம், அத்தாவின் தோளில் விசும்பியபடி மெஹ்ரீன் கேட்டுக்கொண்டே வந்தது ஒன்றைத்தான்.

“பாவம் அத்தா, வூட்டுக்குப் போய் அவரு இன்னா பண்ணுவாரு?”